அது வேற

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு, காலை எட்டே கால்.
காலிக் கூடைகள் ஏறிய பிறகுதான்
ஆட்கள் ஏறினார்கள்.

என் மிஷின் பூஜ்ஜியத்தையும் அச்சடிக்கும்.
பூஜ்ஜியம் ரூபாய், பூஜ்ஜியம் பைசா,
தேதி, நேரம், ஏறிய இடம், இறங்கும் இடம்.
வேண்டாமென்று கையாட்டும் பெண்களிடம் சொல்வேன்:
வாங்கிக்கம்மா,
இந்த எண்ணிக்கையைக் காட்டித்தான்
டிப்போ சர்க்காரிடம் காசு கேட்கிறது.
இலவசத்துக்கும் ரசீது உண்டு இந்த நாட்டில்.

அன்று டைல்ஸ் கடை திம்மராயன் ஏறினார்.
வண்டி சர்வீசில்.
பதினைந்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறை நீட்டி
சில்லறை வரும்வரை சும்மா இருக்க முடியாமல்
பஸ்ஸை ஒரு சுற்றுப் பார்த்தார்.
"மாசம் இருபதாம் தேதி ஆனா எனக்குத் தூக்கம் கிடையாது.
வித்துச்சோ விக்கலையோ தாக்கல் பண்ணணும்,
ஒருநாள் தவறினா அபராதம்.
நான் கட்டறேன், இவங்க போறாங்க."

நாற்பத்தொரு பேரில் முப்பத்துமூன்று பெண்கள்.
யாரைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது சீட்டில் கெம்பம்மா.
மடியில் கூடை, கூடைக்குள் ஒரு நசுங்கிய தக்காளி.
அன்றைக்குக் கிலோ நாலு ரூபாய்.
திரும்பாமலே பேசினாள்:
"நானும் கட்டறேண்ணா.
போனுக்குப் போடற காசுல, சோப்புல,
செடிக்கு அடிக்கிற மருந்துல.
எனக்குத் தாக்கல் பண்ணத்தான் தெரியாது."
கொஞ்சம் நிறுத்தி,
"என் வூட்டுக்காரன் இன்னும் ஜாஸ்தி கட்டறான்,
தினமும் சாயந்திரம், குவார்ட்டர் குவார்ட்டரா.
உங்க கடையவிட அவன் கணக்கு ஒழுங்கு.
ஒருநாள் தவறினதில்ல."

பஸ் சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை.

பின்படியில் தொங்கிய ஐடிஐ பையன் குரல் கொடுத்தான்:
"அண்ணா, உங்க கொல்லையில
அஞ்சு எச்பி மோட்டார் ஓடுதே,
கரண்ட் பில்லு எவ்ளோ வருது?"
"அது வேற," என்றார் திம்மராயன்.
"அது விவசாயம். ஊருக்கே சோறு."
"என் கூடையில இருந்தது என்னா, கூழாங்கல்லா?"

அப்போது கிரானைட் லாரி ஒன்று எங்களை முந்தியது,
ஒரே கல், ஒரு வீட்டின் அகலம்.
பஸ்ஸுக்குள் எல்லாம் அதிர்ந்தது, கம்பி, கண்ணாடி, பல்.
அதன் சீட்டில் எத்தனை டன் எழுதியிருக்கும் என்று
கேட்கத் தோன்றவில்லை ஒருவருக்கும்.
தூசி அடங்கியதும்
விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

நானூற்று எண்பத்தைந்தை எண்ணிக் கொடுத்தேன்.
"நீங்களே சொல்லுங்க கண்டக்டர், நியாயமா இது?"

சொல்ல இருந்தது.
ரிட்டையராகி இரண்டு வருஷமாகியும்
பணிக்கொடைக்கு டிப்போ வாசலில் நிற்கும்
டிரைவர் பச்சையப்பனைச் சொல்லியிருக்கலாம்.
மாதம் ஆயிரத்துக்கு மனுப் போட்ட என் மனைவிக்கு
"தகுதியில்லை" என்று வந்த குறுஞ்செய்தியை,
அதை அவள் இன்னும் அழிக்காமல் வைத்திருப்பதை.
ரெண்டு பக்கமும் கோபம் இருந்தது எனக்கு,
ரெண்டும் நிஜம்.

சட்டைப் பையில் கை போனது.
பேனாவுக்குப் பின்னால்
என் குடும்பத்துக்கான இலவச பாஸ்.
அது வேற.
இருபத்திரண்டு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவன்.
அது வேறதானே?

"வெள்ளிச்சந்தை எறங்கு," என்றேன் சத்தமாக.

திம்மராயன் முன்படியில் இறங்கினார்.
கெம்பம்மாவின் கூடை படியில் சிக்க
அவரே அதை இழுத்துக் கீழே வைத்தார்,
ஒன்றும் பேசாமல்.
தக்காளி உருண்டு சக்கரத்தடிக்குப் போனது.

ராத்திரி டிப்போவில் கணக்கு.
காசு இரண்டாயிரத்து முன்னூற்றுப் பதினாறு.
பூஜ்ஜியம் இருநூற்றுப் பதினாலு.
கேஷியர் காசை எச்சில் தொட்டு ரெண்டு தரம் எண்ணினார்.
பூஜ்ஜியத்தை மட்டும்
மிஷின் சொன்னபடி எழுதிக்கொண்டார்.