அறுபத்து நாலு

ஈரோட்டில் வாங்கி
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்:
மதர்போர்டு, பிராசசர், ரேம் ரெண்டு, எஸ்எஸ்டி ஒன்று.
பூட்டியவளும் நானே.
திருச்செங்கோடு, சங்ககிரி ரோட்டு ரிக் ஆபீஸ் மாடி,
இரவு ஒன்பதே கால்.
ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது.
அதற்கே சந்தோஷப்பட்டது தப்பு.

டிரைவ் எதுவும் காணோம் என்றது முதலில்.
திருப்புளியும் டார்ச்சுமாகக் குனிந்தால்
எஸ்எஸ்டி ஒரு நூல் தூக்கிக்கொண்டு நிற்கிறது.
அழுத்தித் திருகியதும் கண்டுகொண்டது.
பிறகு ஃபைல்கள் இறங்கின
பத்து, இருபத்தெட்டு, ஐம்பது,
அறுபத்து நாலு.

நின்றது.
கீழே ஒரு பிழை எண்,
வெளிமாநில லாரி நம்பர்போல
எழுத்தும் எண்ணும் கலந்து;
எந்த ஊர் வண்டி, யாரை இடித்தது
ஒன்றும் விளங்கவில்லை.
மறுபடி. அறுபத்து நாலு.
பென்டிரைவை மாற்றி, பின்பக்கம் சொருகி,
மறுபடி.
இந்த முறை ஐம்பத்தொன்று.
ஒரே இடத்தில் விழுந்தாலாவது
பள்ளம் எங்கே என்று தெரியும்.

பதினோரு மணிக்குக் கூப்பிட்டார் செங்கோட்டுவேல்,
ஜபல்பூருக்கு அந்தப் பக்கம் ஏதோ காட்டிலிருந்து,
கம்ப்ரசர் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டு.
"ஏம்புள்ள, எத்தனை?"
"அறுபத்து நாலுங்க. அதுக்கு மேல போகமாட்டேங்குது."
"இங்க அறுநூத்தி நாப்பது. ஹேமர் அடிக்கறதில்ல.
ஏதோ ஒரு ராடுல காத்து ஒழுகுது.
முப்பத்திரண்டையும் ஒவ்வொண்ணாக் கழட்டோணும்."
கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை.
காசு கம்ப்ரசர் டீசலாய் எரிகிற சத்தம் மட்டும்.
"செரி, வெச்சர்றனுங்க" என்றேன்.

எனக்கு ரெண்டுதானே.
ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதைத் தனியே போட்டேன்.
மெமரி சோதனை ஓடத் தொடங்கிய நாலாம் நிமிஷம்
திரை முழுக்கச் சிவப்பு வரிகள்,
களத்தில் மிளகாய் கொட்டியதுபோல.
ஆக, இவர்தான்.
புதுசு, பளபளப்பு, சீல் உடைத்தது நான்.
புதுசு கெட்டிருக்காது என்று நம்பி
மூன்று மணி நேரமாய் என் கையையே சந்தேகப்பட்டேன்.

நல்லதை மட்டும் பொருத்திவிட்டுப் பார்த்தேன்.
அறுபத்தைந்து வந்தபோது
நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.
தொண்ணூறு. நூறு.
தானாக அணைந்து, தானாக எழுந்து,
மொழியைத் தேர்ந்தெடு என்றது.

மறுபடி முதலிலிருந்து.

உட்கார்ந்து அழலாம் என்றுதான் இருந்தது.
தண்ணீர் குடிக்க எழுந்தபோது
பெட்டியின் பின்னால் மினுக் மினுக்கென்று
பிடுங்க மறந்த பென்டிரைவ்.
போட்டதைப் போட்டுமுடித்த பிறகும்
முதல் வாசலிலேயே நின்று அழைத்தால்
அது அங்கேதானே திரும்பும்?
என் மறதிக்கு மட்டும் பிழை எண் கிடையாது.
பிடுங்கினேன்.

கணினிக்கு என்ன பெயர் என்று கேட்டது.
எங்களிடம் வண்டி ரெண்டு.
'மூணு' என்று அடித்தேன்.

விடியற்காலை நாலரைக்கு அவர்.
பத்தொன்பதாம் ராடில் விரிசலாம்,
மாற்றிவிட்டு எண்ணூற்றுப் பத்து வரை இறக்கினார்களாம்.
"தண்ணி?"
"வெறும் புழுதி புள்ள. பில்லப் போட்ரு."

மூணின் முதல் ஃபைல் அதுதான்.
ஆழம் எண்ணூற்றுப் பத்தடி, கேசிங் நாற்பது.
தண்ணீர் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
காட்டுக்காரர் பெயரை ரெண்டு முறை கேட்டும்
'கு'வா 'கூ'வா என்று பிடிபடவில்லை.
கெட்ட ரேமை ரசீதோடு டப்பாவில் வைத்தேன்.
மூன்று வருட கேரண்டி, ஈரோட்டில் கொடுத்தால் புதுசு தருவார்கள்.
அவருடைய குழியை எந்த ஊர்க் கடையில் கொடுப்பது?

சேமிக்கவா என்றது.
கொஞ்சம் யோசித்து
'கு' என்றே போட்டு, சேமித்தேன்.