இரண்டு பாகை

பால்டொமேரோ எடுத்த படங்களில் கடல்
எப்போதும் வலப்பக்கம் வழிகிறது.
இருநூற்றுப் பதினான்கு படங்கள்,
எல்லாவற்றிலும் ஏறக்குறைய இரண்டு பாகை.
"நாள்காட்டிக்கு நேராக வேண்டும் எடுவினா,
வாங்குகிறவனுக்குத் தலை சுற்றக் கூடாது"
என்று சொல்லிவிட்டுப் போனார் முதலாளி.

காஸ்ட்ரோவின் மழை தகரத்தில் கொட்ட
அடிவானத்தின்மேல் ஒரு கோடு இழுக்கிறேன்.
சுட்டியை அழுத்திப் பிடித்து
தீவையும் வானத்தையும் சேர்த்துக் கொஞ்சம்
கடிகாரத்துக்கு எதிராகத் திருப்புகிறேன்.
நீர் நிற்கிறது.

நிமிர்த்துவதற்கும் கூலி உண்டு.
திரும்பிய படத்தின் மூலைகளில் வெறுமை எட்டிப்பார்க்கும்,
அதை மறைக்க ஓரங்களை நறுக்க வேண்டும்.
பிப்ரவரியில் ஒரு கடற்பறவையின் பாதி போனது.
ஏப்ரலில் புகை இருக்கிறது, புகைபோக்கி இல்லை.
ஜூனில் படகின் மஞ்சள் விளிம்பு,
அதன்மேல் அவன் கடித்து வைத்திருந்த ரொட்டி.

பிறகு வந்தன கால்தூண் வீடுகள்.
கடலை நேராக்கினால் வீடுகள் சாய்கின்றன,
வீடுகளை நேராக்கினால் கடல்.
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
இங்கே கூடமே கோணல்தான்,
அதில்தான் ஆடுகிறோம்.
நிலம் அமிழ்ந்த அந்த வருடத்திலிருந்து
எங்கள் சமையலறையில் கைதவறும் உருளைக்கிழங்கு
நேரே அடுப்படிக்கு உருளும்.
குனியாமல் காலால் நிறுத்துவேன்.

இடக்கை சுக்கானில், வலக்கை கேமராவில்.
நான் இத்தனை நாள் திருத்திக்கொண்டிருந்தது
அவன் தோளை.

நூற்றுத் தொண்ணூற்றோராவது படம்
நேராக இருந்தது.
கோடு இழுத்தேன், பூச்சியம்.
மறுபடி இழுத்தேன்.
அப்படியானால் இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான்.
அந்தக் கணம் படகை ஓட்ட ஆளில்லை.
படத்தில் அப்படி என்ன இருக்கிறது?
சாம்பல் நீர். ஒரு பலகணி.
மழைவிட்ட சிறு இடைவெளியில்
துணி உலர்த்தும் ஒரு முதுகு,
பச்சைக் கம்பளிச் சட்டையில்.

என்னிடமும் ஒன்று உண்டு.
இந்தத் தீவில் பாதிப்பேரிடம் உண்டு.

கேட்டேன்.
"அன்றைக்கு மோட்டார் நின்றுபோச்சு" என்றான்
தொப்பியைச் சரிசெய்தபடி.
சரிசெய்த பிறகும் அது சாய்ந்தே இருந்தது.

முதலாளி சொன்னபடி பதினொன்றை நிமிர்த்தி அனுப்பினேன்.
அக்டோபரில் மட்டும் கை வைக்கவில்லை.
நாலு மூலையும் அப்படியே இருக்கின்றன,
கொடியிலிருந்து நழுவி
இன்னும் தண்ணீரைத் தொடாத
ஒரு காலுறை உட்பட.