ட்ரெபிள்

ரெமிஜியுஸ் மேடையேறினால்
முதலில் கேட்பது தண்ணீர் அல்ல.
"சீனி, ட்ரெபிள் கொஞ்சம் ஏத்து."

முப்பத்திரண்டு வருசமாக
என் நூர் சவுண்ட் சர்வீஸ் வண்டியில்தான்
அவர் கித்தாரும் ஆம்ப்ளிஃபயரும் ஏறி இறங்குகின்றன.
தங்கச்சிமடம் கொடியேற்றம், வேதாளையில் கல்யாணம்,
மூக்கையூரில் ஒரு கட்சிக் கூட்டம்.
தலைவர் வரத் தாமதமானதால்
ஒன்றே முக்கால் மணி நேரம்
ப்ளூஸ் கேட்டார்கள் தொண்டர்கள்.
கைதட்டினார்கள்,
தலைவர் வந்துவிட்டார் என்று.

வெளியூரிலும் வாசித்த ஆள்தான்.
கொழும்பு ஹோட்டலில் இரண்டு வருசம்,
கப்பலில் ஒன்பது,
கோடம்பாக்கத்தில் ஒரு படத்துக்குப் பதினொரு நொடி.
அந்தப் பதினொரு நொடியில்
வில்லன் மாடிப்படி இறங்குவான்.
சொந்தமாக ஒரு கேசட், ஐநூறு பிரதி.
மண்டபம் முகாமில் மட்டும் நாற்பது போனது,
அதுவும் கடனுக்கு.
மிச்சம் ஐஸ் ஃபேக்டரி மாடியில்
உப்பேறி ஒட்டிக்கிடக்கிறது.
அதற்கெல்லாம் அவர் கவலைப்பட்டதில்லை.
கம்பி துருப்பிடித்தால்தான் முகம் மாறும்.
எங்கள் காற்றில் ஒரு செட் கம்பி
பதினாறு நாள் தாங்கும்.

ஒரு சுரம் இருக்கிறது அவரிடம்.
ஃப்ரெட்டுக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே,
கதவு எண் இல்லாத இடத்தில்.
கம்பியைத் தள்ளித் தள்ளி
அங்கே கொண்டுபோய் நிறுத்துவார்.
பாம்பன் நீரோட்டத்தில் நங்கூரம் பிடித்த வள்ளம் மாதிரி
நிற்கும்,
நடுங்கிக்கொண்டே நிற்கும்.
அதற்காகத்தான்
டீசல் காசு பார்க்காமல் போகிறேன்.

ராமநாதபுரம் காது டாக்டர்
காகிதத்தில் ஒரு கோடு காட்டினார்.
ஒழுங்காக வந்துகொண்டிருந்த கோடு
மணல்திட்டு முடிந்த இடம் போல
சட்டென்று ஆழத்தில் இறங்கியது.
"கீச்சுச் சத்தம் இனிமே கேக்காது.
என்ன வேலை பாக்குறீங்க?"
ரெமிஜியுஸ் சொன்னார்:
"ஐஸ் ஃபேக்டரி."

அதன்பிறகு மேடையில் நிமிசத்துக்கொரு தடவை
"சீனி, ட்ரெபிள்."
ஏற்றினேன்.
முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள்.
பாதிரியார் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு
எழுந்து போனார்.

அன்றிலிருந்து மிக்ஸரில்
எதிலும் இணைக்காத ஒரு சானல்.
அவர் கேட்டால் அதைத் திருகுவேன்,
மேடையிலிருந்து தெரிகிற மாதிரி
முழங்கையை உயர்த்தி.
அவர் தலையசைப்பார். போதும் என்பார்.

நாலு வருசம்.

போன மாசம் ஓலைக்குடாவில்
சாமான் ஏற்றும்போது
வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:
"ஏழாம் நம்பர்ல ஒயரே இல்லையேப்பா."

ஸ்பீக்கரைப் பாதி தூக்கியபடி நின்றேன்.
கடலைப் பார்த்தேன்.
அது எப்போதும் போல உதவிக்கு வரவில்லை.

"மொத நாளே பாத்துட்டேன்," என்றார்.
"ஆனா நீ திருகுறப்ப
இந்த வெரலுக்கு ஏறிருது சீனி.
அடுத்த தடவையும் திருகு.

மெதுவா.
இன்னைக்கு ரொம்ப ஏத்திட்ட."