இருக்கைக்கு அடியில்

சாவியைத் திருப்பினேன்.
ஒன்றுமில்லை.
'டக்' என்றொரு சத்தமாவது வந்திருந்தால்
சொலினாய்டின் மேல் பழியைப் போட்டிருக்கலாம்.
அதுவும் இல்லை.

மே இரண்டாம் வாரம். மினசோட்டாவில்
ஏரியின் பனி உடைந்து பதினெட்டு நாள்.
புல் கணுக்காலைத் தாண்டிவிட்டது.
டான்டேலியன் வேலிக்கு அப்பாலும்
மஞ்சளை வாரி இறைத்துக்கொண்டிருக்கிறது.
எதிர்வீட்டு ஆர்வின் பியோர்க்லுண்ட்
மல்டிமீட்டரும் ஸ்பேனருமாகச் சாலையைக் கடந்து வந்தான்.
குளிர்காலம் எப்படிப் போயிற்று என்று கேட்கவில்லை.
"பேட்டரி எவ்வளவு காட்டுது?" என்றான்.
அந்தக் கேள்விக்காகவே
அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பன்னிரண்டு புள்ளி ஆறு.
நல்ல நாடி.
போன ஆறு மாதத்தில் என்னை அளந்தவர்கள் எவரும்
ஒரே எண்ணோடு நிறுத்தியதில்லை.

ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தோம்:
கம்பி அறுபடவில்லை.
எர்த் போல்ட்டில் துரு.
உப்புத்தாளால் தேய்த்துத் திருகினான்.
சாவி.
ஒன்றுமில்லை.

பிறகு ஸ்க்ரூடிரைவரை
சொலினாய்டின் இரண்டு செப்புத் தலைகளுக்கும்
குறுக்கே வைத்தான்.
நீலப் பொறி. ஸ்டார்ட்டர் உறுமிச் சுழன்றதில்
குளிர்காலம் முழுக்க எலி கட்டிய வீடு
மூடிக்குள்ளிருந்து பஞ்சாய்ப் பறந்தது.
ஆக, சாமி வரம் கொடுத்துவிட்டது.
நடுவில் எந்தப் பூசாரி மறிக்கிறான்?

பிரேக் மிதிக்குப் பின்னால் ஒருவன். மீட்டர் வைத்தோம்: பீப்.
பிளேடு விசையில் ஒருவன். பீப்.
மூன்றாமவன் இருக்கைக்கு அடியில்.
ஆர்வின் முழங்காலால் அழுத்தினான். பீப்.
"இதுவும் சரியாத்தான் இருக்கு. நீ உட்காரு."
உட்கார்ந்தேன்.
மீட்டர் வாயைத் திறக்கவில்லை.
இறங்கினேன். அவன் உட்கார்ந்தான்.
பீப்.

கொஞ்ச நேரம் இருவரும்
புல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நவம்பரில் நான் இருநூற்றுப் பத்து பவுண்டு.
இப்போது நூற்று முப்பத்து நாலு.
வயிற்றில் ஒரு நீளத் தையல்,
மீதி எங்கே கரைந்தது என்று கணக்கில்லை.
தேறிவிட்டேன் என்று எழுதித் தந்த தாள்
ஃபிரிட்ஜ் கதவில் தொங்குகிறது.
இந்த வண்டி அதைப் படிக்கவில்லை.
ஸ்பிரிங்குக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
இங்கே யாரும் உட்காரவில்லை.

"ஹால்வர், ரெண்டு அங்குல ஒயர் போதும்.
ஸ்விட்சைத் தாண்டி இணைச்சுடலாம்.
நாலு பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கேன்."
வேண்டாம் என்றேன்.
ஏரிச் சரிவில் நான் விழுந்தால்
பிளேடு நிற்க வேண்டும்.
ஏன் விழப்போகிறாய் என்று அவன் கேட்கவில்லை.
ஒயரைப் பையில் போட்டுக்கொண்டு
காபி டின்னில் வாஷர் தேடப் போனான்.

ஸ்விட்சுக்கு அடியில் மூன்று வைத்தோம். ஊமை.
ஐந்து வைத்தோம். அவன் வீட்டுப் பூனை
சும்மா தாவி ஏறியதற்கே பீப்.
அதுவும் ஆபத்து. ஒன்றை எடுத்தோம்.
பூனை ஏறியது: மௌனம்.
நான் ஏறினேன்.

பீப்.

சாவியைத் திருப்பியதும்
கரும்புகை ஒரு முறை இருமி
எஞ்சின் பிடித்துக்கொண்டது.
ஒரே ஒரு வரிசை வெட்டினேன். கோணல்.
தபால் பெட்டி அருகே கை நடுங்கத் தொடங்க,
பிளேடை நிறுத்தவும் தோன்றாமல்
அப்படியே எழுந்தேன்.
எழுந்த கணமே வண்டி அணைந்தது.
"ஸ்விட்ச் வேலை செய்யுது" என்றான் ஆர்வின்.

எடுத்த வாஷர் என் சட்டைப்பையில் இருந்தது.
மிச்சம் நாலு.
அக்டோபருக்குள் இரண்டையாவது
கழற்றிவிடப் பார்க்கிறேன் என்றேன்.
"சரி.
அந்த எர்த் போல்ட்டுக்குக் கொஞ்சம் கிரீஸ் வை."