பதினான்கு சென்டிமீட்டர்

தொண்ணூறு மீட்டர் மேலிருந்து நழுவிய ஸ்பேனர்
பதினான்கு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது மண்ணுக்குள்.
முழங்காலிட்டு அளக்கிறேன்.
அளவு நாடா படபடக்கிறது.
சுபுத் சமவெளியில் எதையும்
இரண்டு கையால் பிடிக்க வேண்டும்,
தொப்பியை, வண்டிக் கதவை, சில நாள் பேச்சையும்.

குழிக்கு இரண்டு எட்டுத் தள்ளி
ஒரு மாத்தே குவளை. இலை இன்னும் ஈரம்.
சிவப்பு நாடா கட்டிய எல்லைக்கு உள்ளே.
ஏன் உள்ளே என்று எனக்கும் தெரியும்:
கண்ணுக்கெட்டிய தூரத்தில்
காற்று படாத ஒரே இடம் இந்தக் கோபுரத்தின் முதுகு.
யாருடைய குவளை என்று கேட்டேன்.
மூன்று பேரும் மலையில்லாத திசையில்
மலை தேடினார்கள்.

எங்கள் தொழிலில்
நடந்ததற்கு ஒரு பக்கம்,
நடக்காததற்குப் பதினோரு பக்கம் படிவம்.
காயம், இல்லை. இழப்பு, இல்லை.
நேர்ந்திருக்கக்கூடியது என்ற கட்டத்தில்
எலீசியோ அந்திலெயோ, வயது முப்பத்தொன்று,
தண்ணீர் ஆறிவிட்டதென்று வண்டிவரை போனவன்.
அதை எங்கே எழுத?
பாதுகாப்பு ஏற்பாடு, ஆறிப்போன தண்ணீர் என்றா?

காற்று நொடிக்குப் பன்னிரண்டு மீட்டர் தாண்டினால்
ஏறாதே என்பவள் நான்.
நல்லாத்தானே இருக்கு என்று அவர்கள் சொல்லச் சொல்ல
பழைய வார்களைக் கத்தியால் அறுப்பவள்.
என் பெயர் நெலிதா.
முதுகுக்குப் பின்னால் திருமதி முடியாது.

சாயங்காலம் கன்டெய்னர் அறைக்கு
தனீலோ தானாகவே வந்தான். கையுறையைக் கழற்றவில்லை.
கயிற்றில் மாட்டவில்லை, என்றான்,
மாட்ட வரவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
கவனக்குறைவு என்று மதியமே எழுதியிருந்தேன்,
அழகான கையெழுத்தில்.

அவன் கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு
அந்தச் சின்னக் கொக்கியைத் திறந்து பார்த்தேன்.
பத்து முறையில் ஏழு முறை திறக்கவில்லை.
வாங்கச் சொல்லிக் கையெழுத்திட்டது நான்தான்,
போன மார்ச்சில், ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து
வெறுங்கையோடு.

கவனக்குறைவை அடிக்கவில்லை.
யாருடையது என்று பக்கத்தில் சேர்த்தேன்.

வெளியே எலீசியோ,
இப்போது நாடாவுக்கு வெளியே குந்தியபடி
காற்றையெல்லாம் முதுகில் வாங்கிக்கொண்டு
புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.
முதல் குவளையை என்னிடம் நீட்டினான்.
குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை.
பிறகு எழுந்து போய்
நடுவிரலைக் குழிக்குள் விட்டான்,
மணிக்கட்டு மண்ணைத் தொடும்வரை கையையும்.
அடி தட்டவில்லை போல.
அப்படியே கொஞ்ச நேரம் இருந்தான்.