சிவப்புப் பாதி

என் தட்டச்சு இயந்திரத்தின் நாடாவில்
மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி சிவப்பு.
மஞ்சக்குப்பம் கோர்ட்டு வாசலில் பதினோரு வருடம்
கறுப்பை மட்டுமே அடித்தேன்.
சிவப்பு கேட்டு வந்த முதல் ஆள்
குண்டு உப்பலவாடி இருசப்பன்.

"பேரைப் பிரிச்சு அடிம்மா.
இருச, கமா, அப்பன்.
நடுவுல கமா இருந்தா அது சர்க்கார் பேரு இல்ல,
உசுருள்ள மனுசன் பேரு."
திருப்பாப்புலியூர் லாட்ஜ் ஒன்றில் மூன்று நாள் வகுப்பாம்.
நாலாயிரத்து ஐந்நூறு,
மத்தியானம் சாம்பார் சாதம் உட்பட.

அடித்தேன். பக்கத்துக்கு இருபத்தைந்து ரூபாய்.

'இந்த நீதிமன்றத்தோடு நான்
எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ளவில்லை.
வழக்கை என் பெயர்மீது நடத்திக்கொள்ளுங்கள்.
நான் அந்தப் பெயர் அல்ல.'
கீழே கட்டைவிரல் ரேகை, அதுவும் சிவப்பு.
எழுதப் படிக்கத் தெரிந்தவர்தான். பத்தாவது பாஸ்.

குமாஸ்தாக்கள் சிரித்தார்கள்.
டீக்கடையில் அவருக்குக் 'கமா' என்றே பேராகிவிட்டது.

அவருடைய முதல் மனுவும் நான் அடித்ததுதான்.
கறுப்பில்.
பங்காளிக்குப் போட்ட ஜாமீன்,
பதினாறு பக்கம் இங்கிலீஷ்,
பென்சிலால் பெருக்கல்குறி போட்ட இடமெல்லாம் கையெழுத்து.
மூலப்பத்திரம் தானே புயலில் கூழாகியிருந்தது.
நகலுக்கு மனு, மனுவுக்கு எண், எண்ணுக்கு வாய்தா.
ஒரு நாள் நீதிபதி லீவு.
ஒரு நாள் வக்கீல்கள் புறக்கணிப்பு.
ஒரு நாள் டவாலி மூன்று முறை கூப்பிட்டபோது
ஒன்றுக்குப் போயிருந்தார்.

எக்ஸ்பார்ட்டி என்றார்கள்.
அந்தச் சொல்லை வெற்றிலைபோல மென்றபடி பஸ் ஏறினார்.
ஒரே சொல்.
முப்பத்தேழு சென்ட் தென்னந்தோப்பு.

அந்த பஸ்ஸில்தான் பிடித்திருக்க வேண்டும்.
ஒரு சொல் எடுத்துக்கொண்டதை
இன்னொரு சொல் திருப்பிக் கொடுக்கும்,
அதை யாரோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று.
சட்டத்தின்மேல் நம்பிக்கை விட்டுப்போன ஆள் என்று
நானும் கொஞ்ச நாள் நினைத்தேன்.
இந்த வளாகத்தில் கறுப்பு அங்கி போட்ட ஒருவருக்கும்
அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

மழை நாள் ஒன்றில்,
உருளையில் காகிதம் சுருண்டுகொண்டே இருந்தது, சொன்னார்:
"வெள்ளைக்காரன் கோட்டைய வாங்குனப்ப
பீரங்கி வெச்சுச் சுட்டானாம்.
குண்டு எதுவரைக்கும் போச்சோ
அதுவரைக்கும் அவன் ஊரு.
எங்க ஊர்ப் பேர்லயே குண்டு இருக்குது பாரு.
அதைச் சட்டம்னு எழுதி வெச்சுக்கிட்டாங்கல்ல?
என் கமாவுக்கு மட்டும் ஏம்மா சிரிக்கிறாங்க?"

அவன்கிட்ட பீரங்கி இருந்துச்சுங்க,
என்று சொல்ல வாய் வந்தது.
காகிதத்தை நேராக்கினேன்.

அமீனா வந்த காலையில்
லேமினேட் செய்த அறிவிப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
வேலிப்படல் முன்னால் நின்றாராம்.
சத்தம் போடவில்லை.
மூன்று முறை வாசித்தார்.
அமீனா, பாவம், முட்டிவலிக்காரர்,
மூன்று முறையும் நின்றே கேட்டார்.
அவர் வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்தார்.
பிறகு மோட்டார் கொட்டகையைப் பூட்டினார்.

அதற்கு முந்தின சாயங்காலம்
என்னிடம் வந்து கேட்டிருந்தார்,
"எல்லாம் சரியா இருக்காம்மா?"
நாலு இடத்தில் விட்டுப்போன ஒற்றைப் போட்டுக் கொடுத்திருந்தேன்.
"பிழை ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.
நூறு ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

சிவப்பும் இப்போது வெளிறத் தொடங்கிவிட்டது.
போன வாரம் செம்மண்டலத்து நர்ஸ் ஒருத்தி,
அதற்கு முன் லாரி போன இரண்டு அண்ணன் தம்பிகள்.
பேரைப் பிரித்து அடிக்கச் சொல்கிறார்கள்.

எந்த எழுத்துக்கு அப்புறம் என்று கேட்கிறேன்.