சனி ஞாயிறு கிடையாது

இடது மணிக்கட்டைப் பிடித்த டாக்டர்
சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஓடுது, நிக்குது, திரும்ப ஓடுது.
தாளமே இல்லை."
திருத்துறைப்பூண்டி டவுன் பஸ் மாதிரியா என்றேன்.
சிரிக்கவில்லை.
டிகாக்சின், கால் மில்லிகிராம்.
திங்கள் முதல் வெள்ளி வரை ஒன்று.
சனி ஞாயிறு கிடையாது.

கிடையாது என்ற சொல்லை
எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும்.
ஆறு நாள் திறப்பு, ஆறு நாள் அடைப்பு என்று
மேலே முறை வைப்பார்கள்.
எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள்
அந்த ஆறு நாள் முடிந்திருக்கும்;
மதகடியில் நாலு கெளுத்தி, ஒரு செருப்பு.
நெஞ்சு மட்டும் ஞாயிற்றுக்கிழமை
ஆபீஸைப் பூட்டிவிட்டா போகிறது?
அஞ்சம்மாளுக்குத் தெரியாமல்
ஏழு நாளும் போட்டேன்.

முதலில் சோற்றைக் கண்டால் குமட்டியது.
பித்தம் என்று இஞ்சி தட்டிக் கொடுத்தாள்.
கார்த்திகை மூன்றாம் வாரம்
சம்பா முழுக்க மஞ்சளித்துவிட்டது,
ஒரே ராத்திரியில், வரப்பிலிருந்து வரப்பு வரை.
சிங்க் சல்பேட் பத்து கிலோ, கடனுக்கு.
லஸ்கர் பக்கிரியின் சைக்கிளை மறித்து
"உன் முறைதாண்டா என் பயிரைக் கொன்னது"
என்று ஆரம்பித்தேன்.
அவன் வேட்டியும் மஞ்சளாயிருந்தது.
பழனிக்கு மாலை போட்டவன் போல என்று
வசவைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

வேளாண்மை உதவி அலுவலர் யாஸ்மின்
செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினார்.
வண்ண அட்டையை இலையோடு வைத்துப் பார்த்தார்.
"பயிர் நல்லாயிருக்குங்க. நாலாம் நம்பர் பச்சை."
மஞ்சள், என்றேன்.
"என் துப்பட்டா?"
அதுவும்.
கொஞ்ச நேரம் பயிரை விட்டு
என் கண்ணையே பார்த்தார்.
"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"
அவருடைய அத்தாவுக்கும் அதேதானாம்.

ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து
சேற்றுக்காலோடு மன்னார்குடி போனேன்.
நாடி நாற்பத்திரண்டு.
"லீவு எதுக்கு விட்டேன்?
உள்ளே போனது வடியணும்" என்றார் டாக்டர்.
வடிகால் தூர்ந்த வயல் என்னாகும் என்று
அவர் எனக்குச் சொல்லவேண்டியதில்லை.
சொன்னார்.

மஞ்சள் உடனே போகவில்லை.
முதலில் அஞ்சம்மாளின் கண் வெள்ளையானது,
என்னை முறைத்தபடியே இருந்ததால்.
பிறகு சுவர். பிறகு இட்லி.
பக்கிரிக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தேன்;
வாங்கிக்கொண்டான், பேசவில்லை.

தை பிறந்த முதல் சனிக்கிழமை,
வயல் மஞ்சள்.
வரப்பில் நின்று நாடியைப் பிடித்து எண்ணினேன்,
அறுபதுக்குப் பக்கத்தில் எண்ணிக்கை குழம்பியது.
வீட்டைப் பார்த்துக் கத்தினேன்:
"ஏ, இங்க வா. இது என்ன நிறம்?"
ஈரக் கையோடு வந்தாள்.
வயலை ஒருதரம், என்னை ஒருதரம் பார்த்தாள்.
"மிஷினுக்குச் சொல்லுங்க" என்றாள்.